டிஎஃப் சொன்னது 47, டியூ சொன்னது 18

இரவு பதினொன்றரை மணிக்கு போன் வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த லினக்ஸ் சர்வர் ஒன்றில் டேட்டாபேஸ் எழுத மறுத்து நின்றுவிட்டது. டிஸ்கில் இடமில்லையாம். உள்ளே நுழைந்து டிஎஃப் என்று தட்டினேன். மொத்தம் 49 ஜிபி, பயன்பட்டது 47, மிச்சம் 0, நிரம்பியது 100 சதவீதம். இடத்தைத் தின்பது எந்த ஃபோல்டர் என்று பார்க்க டியூ கட்டளையை ஓட்டினேன். நான்கு நிமிடம் டிஸ்கைத் துழாவிவிட்டு அது சொன்ன மொத்தம் 18 ஜிபி.

அதே டிஸ்க், ஐந்து நிமிட இடைவெளி, 29 ஜிபி வித்தியாசம். போதாக்குறைக்கு, 49-இல் 47 போனால் 2 மிஞ்ச வேண்டும், அதையும் காணோம். டிஸ்க் கெட்டுவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றியது. கெடவில்லை. இரண்டு கட்டளைகளும் பிசகில்லாமல்தான் எண்ணியிருந்தன. எதை எண்ணின என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

பதிவேடும் வீடுவீடான கணக்கும்

இரண்டும் ஒரே வயதுக்காரர்கள். 1971 நவம்பர் தேதியிட்ட யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இரண்டுக்கும் பக்கம் இருக்கிறது. டிஎஃப் என்பது ‘டிஸ்க் ஃப்ரீ’, டியூ என்பது ‘டிஸ்க் யூசேஜ்’. எவ்வளவு மிச்சம் என்பது முன்னதன் கேள்வி. யார் எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்பது பின்னதன் கேள்வி. ஒன்றைக் கழித்தால் மற்றது வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அது எப்போதும் நடப்பதில்லை.

கிராம அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டிஎஃப் நேராக அங்கே போய்ப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கிற ஆள். ஒவ்வொரு ஃபைல் சிஸ்டமும் தன்னிடம் மொத்தம் எத்தனை பிளாக், அதில் எத்தனை காலி என்ற எண்ணிக்கையைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. டிஎஃப் அதைக் கேட்டு வாங்கி அப்படியே ஒப்பிக்கிறது. டிஸ்க் பெரிதானாலும் சிறிதானாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வந்துவிடும்.

டியூ வீடுவீடாகக் கதவைத் தட்டிக் குடிக்கணக்கு எடுக்கிற ஆள். ஃபோல்டர் ஃபோல்டராக நுழைந்து, ஒவ்வொரு ஃபைலிடமும் நீ எத்தனை பிளாக் வைத்திருக்கிறாய் என்று கேட்டுக் கூட்டிக்கொண்டே போகும். லட்சக்கணக்கில் ஃபைல் இருந்தால் நிமிடக்கணக்கில் ஆகும். அது தெருக்கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் வீட்டில் புதிதாகச் சிலர் குடிவந்திருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் டியூ தருகிற மொத்தம் எந்த ஒரு கணத்துக்கும் உரியதன்று. நுழைய அனுமதியில்லாத ஃபோல்டர் எதிர்ப்பட்டால், முணுமுணுத்துவிட்டு அதை விட்டுவிட்டுப் போய்விடும்.

பதிவேட்டில் இருக்கிறது, தெருவில் இல்லை

டிஎஃப்பின் எண் பெரிதாகவும் டியூவின் எண் சிறிதாகவும் இருக்கும் சந்தர்ப்பங்கள்தான் அதிகம் தலைவலி தருபவை. அவற்றில் முதன்மையானது அன்று இரவு எனக்கு வாய்த்தது.

மாலையில் சக ஊழியர் ஒருவர், டிஸ்க் நிரம்பி வருவதைக் கண்டு, பெருத்துப்போயிருந்த ஒரு லாக் ஃபைலை நீக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ஒரு ஃபைலை நீக்குவது என்றால் ஃபோல்டரிலிருந்து அதன் பெயரை அழிப்பது, அவ்வளவுதான். பெயர்கள் எல்லாம் போய், அதைத் திறந்து வைத்திருக்கும் கடைசி புரோகிராமும் மூடிய பிறகுதான் பிளாக்குகள் விடுதலையாகும். அந்த லாக்கில் எழுதிக்கொண்டிருந்த புரோகிராமோ அதை மூடவே இல்லை; பெயர் போன பிறகும் எழுதிக்கொண்டே இருந்தது. வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றியாயிற்று, குடியிருப்பவர் உள்ளேயே இருக்கிறார். பெயர்ப்பலகை பார்த்து எண்ணுகிற டியூவுக்கு அந்த வீடே கண்ணில் படாது. பதிவேடு பார்க்கிற டிஎஃப்புக்கு அது ஆள் இருக்கிற வீடுதான்.

திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ஓட்டியபோது, ‘நீக்கப்பட்டது’ என்ற குறிப்போடு ஒற்றை வரி வந்தது: 29 ஜிபி. அந்த புரோகிராமை நிறுத்தித் திரும்பத் தொடங்கினேன். டிஎஃப் 18-க்கு இறங்கியது. நீக்காமல், உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்திருந்தால் மாலையிலேயே இடம் கிடைத்திருக்கும்.

இதே வகையில் இன்னொன்றும் உண்டு. தினமும் பேக்கப் எடுக்கும் வெளி டிஸ்க், ஏதோ ஓர் இரவு இணைக்கப்படாமல் போகிறது. பேக்கப் புரோகிராமுக்கு அது தெரியாது. வெறும் ஃபோல்டராகக் கிடந்த அதே இடத்தில், அதாவது சர்வரின் சொந்த டிஸ்கிலேயே, எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது. காலையில் வெளி டிஸ்க்கை இணைத்ததும் அது அந்த ஃபோல்டரின் மேலேயே வந்து அமர்கிறது. தெருவில் வீடுகளை மறைத்துப் பந்தல் போட்டது மாதிரி. டியூ பந்தலுக்குள் இருப்பதைத்தான் எண்ணும். பந்தலுக்குப் பின்னால் மறைந்த வீடுகள் பதிவேட்டில் மட்டும் இருக்கும். வெளி டிஸ்க்கைக் கழற்றினால்தான் குட்டு வெளிப்படும்.

காணாமல் போன 2 ஜிபி

49-க்கும் 47-க்கும் நடுவே மறைந்த 2 ஜிபி வேறு கதை. லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம், உருவாக்கும்போதே 5 சதவீத இடத்தை ரூட் என்னும் நிர்வாகிக்காக ஒதுக்கி வைத்துவிடும். ஊரில் புறம்போக்கு நிலம் மாதிரி: பரப்பளவில் சேரும், பட்டாவுக்குக் கிடைக்காது. மற்றவர்கள் டிஸ்கை நிரப்பிவிட்டாலும் நிர்வாகி உள்ளே வந்து வேலை பார்க்க இடம் வேண்டும். டிஸ்க் முழுக்க நிரம்பினால் ஃபைல்கள் துண்டு துண்டாகச் சிதறும், அதையும் தடுக்க வேண்டும். இந்த இரண்டுக்காகத்தான் இந்த ஒதுக்கீடு. எங்கள் டேட்டாபேஸ் சாதாரணப் பயனராக ஓடியதால் அதற்கு இடமில்லை. ரூட்டாக நுழைந்த எனக்கு இருந்தது.

சிறிய டிஸ்க்குகள் இருந்த காலத்தில் 5 சதவீதம் ஒரு பொருட்டில்லை. 8 டிபி டிஸ்கில் அது 400 ஜிபி. தகவல் சேமிப்புக்கு மட்டும் பயன்படும் டிஸ்கில் இதைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்குத் தனிக் கட்டளை இருக்கிறது. டியூவுக்கு இந்த ஒதுக்கீடு பற்றி எதுவுமே தெரியாது. காலி மனையைக் குடிக்கணக்கு எடுப்பவர் எண்ணுவதில்லையே.

தெருவில் கூடுதல், பதிவேட்டில் குறைவு

எதிர்ப்பக்கமும் நடக்கும். ஒரே ஃபைலுக்கு இரண்டு மூன்று பெயர்கள் வைக்கலாம். ஹார்ட் லிங்க் என்பார்கள். இரண்டு வாசல் வைத்த ஒரே வீடு. தினசரி பேக்கப்புகள் பல இப்படித்தான் இடத்தை மிச்சம் பிடிக்கின்றன: மாறாத ஃபைலுக்கு இன்னொரு பெயர், மாறியதற்கு மட்டும் புதுப் பிரதி.

ஏழு நாள் பேக்கப். நாளொன்றுக்கு 40 ஜிபி. தினமும் மாறுவது அரை ஜிபி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாளின் ஃபோல்டரையும் டியூவிடம் தனித்தனியாகக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 40 என்று சொல்லும்; கூட்டினால் 280. ஏழையும் ஒரே கட்டளையில் கொடுத்தால் முதல் ஃபோல்டருக்கு 40, மற்ற ஆறுக்கும் அரை அரை, மொத்தம் 43. ஞாயிற்றுக்கிழமையை முதலில் கொடுத்தால் ஞாயிறு 40; திங்களை முதலில் கொடுத்தால் ஞாயிறு அரை. ஏற்கெனவே எண்ணிய வீட்டை வேறு வாசல் வழியாகப் பார்த்தால் அடையாளம் கண்டு விட்டுவிடும் சாமர்த்தியம் டியூவுக்கு ஒரே சுற்றுக்குள் மட்டும்தான். பதிவேட்டில் எந்நாளும் 43.

ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ், லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் போன்ற புதிய ஃபைல் சிஸ்டங்களில் அந்தச் சாமர்த்தியமும் பலிக்காது. அங்கே ஒரு ஃபைலைப் பிரதி எடுத்தால் இரண்டும் ஒரே பிளாக்குகளைப் பகிர்ந்துகொள்ள முடியும். மாற்றம் செய்யும்போது மட்டும் பிரியும். பெயர் வேறு, ஃபைலும் வேறு என்பதால் டியூ இரண்டையும் முழுசாக எண்ணிவிடும். டிஎஃப்பில் இடம் குறைந்திருக்காது.

இருவரும் ஒத்துப்போகும் இடங்கள்

ஃபைலின் நீளம் வேறு, அது பிடிக்கும் இடம் வேறு என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இருவரும் பிளாக் கணக்குதான் பார்க்கிறார்கள். பிளாக் வழக்கமாக 4,096 பைட். ஒரே ஓர் எழுத்து உள்ள ஃபைலுக்கும் முழு பிளாக் உண்டு. நூறு பைட் கொண்ட ஒரு லட்சம் ஃபைல்களின் உள்ளடக்கம் 1 கோடி பைட். அவை பிடிக்கும் இடம் 40.96 கோடி பைட்.

இருவரும் சேர்ந்தே தவறவிடுகிற நேரமும் வரும். பாதி டிஸ்க் காலி என்று டிஎஃப் சொல்லும், டியூவும் ஆமோதிக்கும். ஆனாலும் புது ஃபைல் உருவாக்கப் போனால் ‘இடமில்லை’ என்ற பிழை வரும். எக்ஸ்ட்4-இல் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோடு என்னும் பதிவு ஒன்று வேண்டும். அவற்றின் எண்ணிக்கை ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும்போதே முடிவாகிவிடும். பொடிப்பொடி ஃபைல்கள் குவிந்தால், நிலம் இருக்கும், கதவு எண் தீர்ந்துபோயிருக்கும். டிஎஃப்பிடம் ஐநோடு கணக்கைத் தனியாகக் கேட்டால்தான் சொல்லும்.

அளவுகோலிலும் இருவருக்கும் ஒரே குழப்பம். டிஸ்க் தயாரிப்பாளருக்கு 1 டிபி என்பது லட்சம் கோடி பைட். அதை 1,024-இன் மடங்குகளில் அளக்கும் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்டு முதல் மேக் ஆயிரத்தின் மடங்குகளுக்கு மாறிவிட்டது. இரண்டையும் பிரித்துச் சொல்ல 1998-இலேயே கிபி, மெபி, கிபி என்று தனி முன்னொட்டுகள் வகுக்கப்பட்டன. தமிழில் எழுதினால் முதலும் கடைசியும் ஒன்றாகிவிடுவது நமக்கு மட்டுமான கூடுதல் சோதனை. பழைய 1.44 எம்பி ஃபிளாப்பி இன்னும் வேடிக்கை: அதன் 14,74,560 பைட் வர, 1.44-ஐ ஆயிரத்தாலும் 1,024-ஆலும் மாற்றி மாற்றிப் பெருக்க வேண்டும். டிஎஃப், டியூ இரண்டும் சுவிட்சைப் பொறுத்து எந்த அளவுகோலிலும் பேசும். ஒன்றை 1,024-இலும் மற்றதை ஆயிரத்திலும் ஓட்டிவிட்டு வித்தியாசத்துக்குக் காரணம் தேடியவர்கள் உண்டு.

எதை நம்புவது?

டேட்டாபேஸ் எழுதுமா எழுதாதா என்பதைத் தீர்மானிப்பது பதிவேடு. அந்தக் கேள்விக்கு டிஎஃப் சொல்வதே தீர்ப்பு. எதை அகற்றினால் இடம் கிடைக்கும் என்பதைத் தேடும்போது டியூதான் துணை. டிஎஃப் ஒரு ஃபோல்டரின் பெயரைக்கூடச் சொல்லாது.

ஆனால் அன்று இரவு எனக்கு வழிகாட்டியது 47-ம் இல்லை, 18-ம் இல்லை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வந்த 29. தெருவில் பெயரில்லாத ஏதோ ஒன்று பதிவேட்டில் உட்கார்ந்திருக்கிறது என்பதையும், அதன் பருமன் இவ்வளவு என்பதையும் முன்கூட்டியே சொன்னது அந்த எண்தான். எல்எஸ்ஓஎஃப் பட்டியலில் 29 ஜிபி என்று கண்டதும் வேறெதையும் தேடாமல் நிறுத்திக்கொண்டேன். இப்போதெல்லாம் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டி, வித்தியாசத்தை முதலில் குறித்துக்கொண்டுதான் எதையும் நீக்கப் போகிறேன்.