இந்தியப் பெருங்கடல் அமைதி மண்டலம்: எவரும் எதிர்க்காத தீர்மானம் செயல்வடிவம் பெறாதது ஏன்?

இந்தியப் பெருங்கடலை அணு ஆயுதங்களும் வல்லரசுகளின் ராணுவத் தளங்களும் இல்லாத அமைதி மண்டலமாக அறிவிக்கும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச் சபை 1971 டிசம்பர் 16 அன்று நிறைவேற்றியது. 61 நாடுகள் ஆதரித்தன. ஒரு நாடும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. எனினும் அரை நூற்றாண்டு கடந்தும் அத்தீர்மானம் நடைமுறைக்கு வரவில்லை. வாக்கெடுப்பில் விலகி நின்ற 55 நாடுகளின் பட்டியலே அதற்கான முதல் விளக்கமாகும். அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய நான்கும் அப்பட்டியலில் இருந்தன.

முன்னெடுத்த இலங்கை

சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள தனது படைகளைத் திரும்பப் பெறப்போவதாக 1968-இல் பிரிட்டன் அறிவித்தது. அந்த இடத்தை வேறு வல்லரசுகள் நிரப்பிவிடுமோ என்ற அச்சம் கரையோர நாடுகளுக்கு எழுந்தது. 1970-இல் லுசாகாவில் நடைபெற்ற அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு, இந்தியப் பெருங்கடல் அமைதி மண்டலமாக வேண்டும் எனக் கோரியது. 1971 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க இக்கோரிக்கையை ஐ.நா. பொதுச் சபையில் நேரில் முன்வைத்தார். தான்சானியாவும் இம்முயற்சியில் இணைந்தது. இந்தியாவும் சீனாவும் தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்தன.

கடற்பரப்பு மட்டுமின்றி, அதன் மேலுள்ள வான்வெளியும் கீழுள்ள கடல்தரையும் மண்டலத்தில் அடங்கும் என்பது தீர்மானத்தின் சாரம். வல்லரசுப் போட்டியின் பொருட்டு அமைந்த தளங்களையும், அணு ஆயுதங்கள் உள்ளிட்ட பேரழிவு ஆயுதங்களையும் அகற்றக் கரையோர நாடுகளுடன் வல்லரசுகள் பேச்சு நடத்த வேண்டும் என்றும் அது கேட்டுக்கொண்டது. ஆனால் பொதுச் சபையின் தீர்மானம் பரிந்துரை மட்டுமே. உடன்படிக்கையைப் போல நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

வங்கக் கடலில் போர்க்கப்பல்

தீர்மானம் நிறைவேறிய அதே நாளில் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. கொல்கத்தாவின் வில்லியம் கோட்டையில் இயங்கிய இந்திய ராணுவத்தின் கிழக்குக் கட்டளையகம் அப்போரை வழிநடத்தியது. போரின் இறுதி நாள்களில் அணுசக்தியால் இயங்கும் 'எண்டர்பிரைஸ்' விமானந்தாங்கிக் கப்பலை அமெரிக்கா வங்கக் கடலுக்கு அனுப்பியது. அமைதி மண்டலத்தின் தேவையையும், அதற்கு எதிராக நின்ற வலிமையையும் அந்நிகழ்வு ஒருங்கே உணர்த்தியது.

இரு முட்டுக்கட்டைகள்

முதலாவது, வல்லரசுகளின் இசைவின்மை. சாகோஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த டியேகோ கார்சியாவை ராணுவப் பயன்பாட்டுக்கு அளிக்க 1966-இல் பிரிட்டன் அமெரிக்காவுடன் உடன்பாடு கண்டது. தீவுவாசிகள் 1973-க்குள் வெளியேற்றப்பட்டனர். இப்பெருங்கடலில் கடற்படைகளைக் கட்டுப்படுத்த அமெரிக்காவும் சோவியத் யூனியனும் 1977-இல் தொடங்கிய பேச்சு, மறு ஆண்டே நின்றுபோனது.

இரண்டாவது, கரையோர நாடுகளுக்கு இடையிலான பிளவு. 1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியா அணுச் சோதனை நடத்தியது. அதே ஆண்டில், தெற்காசியாவை அணு ஆயுதமற்ற மண்டலமாக்கும் தீர்மானத்தைப் பாகிஸ்தான் ஐ.நா.வில் கொண்டுவந்தது. சீனாவின் அணு ஆயுதங்களைக் கணக்கில் கொள்ளாமல் தெற்காசியாவைத் தனிப் பகுதியாகப் பிரிக்க இயலாது என்றும், இத்தகைய மண்டலம் அப்பகுதி நாடுகளின் கருத்தொற்றுமையால் உருவாக வேண்டும் என்றும் இந்தியா வாதிட்டது. 1998 மே மாதத்தில் இரு நாடுகளும் அணுச் சோதனை நடத்தியதும் அந்த விவாதம் பொருளிழந்தது.

நடைபெறாத கொழும்பு மாநாடு

தீர்மானத்தைச் செயல்படுத்தும் வழிகளை ஆராய 1972-இல் 15 நாடுகள் கொண்ட சிறப்புக் குழுவை ஐ.நா. அமைத்தது. 1981-இல் கொழும்பில் மாநாடு கூட்டுவதென 1979-இல் முடிவாயிற்று. ஆனால் அவ்வாண்டு இறுதியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. மாநாடு பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, இறுதிவரை கூடவே இல்லை. பின்னர் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகியவை குழுவிலிருந்து விலகின.

கைகூடியவை

பரந்த திட்டம் தேங்கினாலும், குறுகிய இலக்குகள் சில நிறைவேறின. இப்பெருங்கடலின் இரு ஓரங்களிலும் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கைகள் உருவாயின. தென்கிழக்கு ஆசியாவுக்கான பாங்காக் உடன்படிக்கை 1997-இலும், ஆப்பிரிக்காவுக்கான பெலிந்தாபா உடன்படிக்கை 2009-இலும் நடைமுறைக்கு வந்தன.

ஒன்றின் அணுசக்தி நிலையங்களை மற்றொன்று தாக்குவதில்லை என இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் செய்தன. அதன்படி 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. சர்வதேச உடன்படிக்கையின் கீழ் தன்னிடமிருந்த ரசாயன ஆயுதங்கள் அனைத்தையும் இந்தியா 2009-இல் அழித்து முடித்தது. அணு ஆயுதத் தடை உடன்படிக்கையில் இலங்கை 2023-இல் இணைந்தது.

தற்போதைய நிலை

சாகோஸின் இறையாண்மையை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2025 மே 22 அன்று கையெழுத்தானது. டியேகோ கார்சியா தளம் 99 ஆண்டுகள் தொடர அது வழிசெய்கிறது. மொரீஷியஸ் பெலிந்தாபா உடன்படிக்கையில் உறுப்பு நாடு. அவ்வுடன்படிக்கையின் வரைபடத்தில் சாகோஸும் இடம்பெற்றுள்ளது. ஆனால் சாகோஸ் அதில் அடங்கும் என்பதை பிரிட்டன் ஏற்றதில்லை. எனவே, அத்தளத்தில் அணு ஆயுதங்களுக்கு இடமுண்டா என்ற 1971-ஆம் ஆண்டின் கேள்வி இன்றும் விடையை எதிர்நோக்கியுள்ளது.