ஏரிக்கரையில் வண்டி அவிழ்த்தவர்கள்

போன ஆடி மாசம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வேன்ல வந்துச்சு. உள்ளயே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருந்த வண்டி. வீராணம் ஏரிக்கரை ஓரமா ஒரு ராத்திரி தங்கணும், இடம் கிடைக்குமான்னு கேட்டாங்க. கரைக்குக் கீழே என் வயலை ஒட்டி இருக்கிற மேட்டுல நிறுத்திக்கச் சொன்னேன். சின்னப் பிள்ளைங்க ரெண்டு பேர், மாட்டைத் தொட்டுப் பார்த்துட்டே இருந்தாங்க. நல்ல மனுஷங்க.

அவங்க போனதும் அண்ணன் மகன் பிடிச்சுக்கிட்டான். "சித்தப்பா, இந்த மேட்டைச் சமப்படுத்தி வாடகைக்கு விடலாம். வேன்ல வர்றவங்களுக்கு ஒரு பக்கம், கூடாரம் போடுறவங்களுக்கு ஒரு பக்கம். ரெண்டு குதிரை வாங்கி விட்டா வந்தியத்தேவன் சவாரின்னு பேரு வெச்சுடலாம்."

சிரிச்சுட்டேன். ஆனா அவன் சொன்னதுல புதுசா ஒண்ணும் இல்லை. குடும்பம், வண்டி, குதிரை மூணும் இந்தக் கரைக்கு வந்து தங்கினது பழைய கதை.

உங்கள்ல பல பேருக்கு இந்த ஏரி கல்கி வழியாத்தான் தெரியும். 1950 அக்டோபர்ல பொன்னியின் செல்வன் தொடராக வர ஆரம்பிச்சப்போ, முதல் அத்தியாயமே இங்கதான் நடந்தது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கு, குதிரையில் வரும் வாலிபன், கரையில் கூடியிருக்கும் ஜனங்கள். இன்னைக்கும் அந்தப் புத்தகத்தோட வந்து நிக்கிறவங்களைப் பார்க்கிறேன்.

கதைக்கு அடியில இருக்கிற வரலாறு இன்னும் சுவாரசியம். 10ஆம் நூற்றாண்டு. சோழநாட்டை ஆண்டவன் முதலாம் பராந்தகன். அவனுக்கு வீரநாராயணன் என்றொரு பட்டப்பெயர். வீரநாராயணன் ஏரிதான் மக்கள் வாயில் வீராணம் ஆச்சு. வடக்கே ராஷ்டிரகூடர்கள் எந்நேரமும் இறங்கி வரலாம் என்ற நிலை. அதனால மகன் இராசாதித்தன் படையோடு திருமுனைப்பாடி நாட்டில் பல வருஷம் தங்கியிருந்தான். திருநாவலூர்க் கோயில் கல்வெட்டுகள்ல அவன் பரிவாரத்து ஆட்கள் கொடுத்த தானங்கள் பதிவாகியிருக்கு. அவனுடைய பெரும்படை நாயகன் வெள்ளன் குமரன் கேரளத்துக்காரர். 943ல் தென்பெண்ணைக் கரையில கிராமம் என்ற ஊரில் கற்கோயில் எழுப்பினார்.

போர் வராத காலத்தில் அத்தனை ஆயிரம் ஆட்களைச் சும்மா உட்கார வைக்க வேண்டாமென்று இந்த ஏரியை வெட்ட வைத்தான் இராசாதித்தன் என்பது எங்க பக்கத்து வழக்கு. 949ல் தக்கோலத்தில் யானைமேல் இருந்தபடியே அம்பு பட்டு இறந்தான். கல்வெட்டுகள் அவனை ஆனைமேல் துஞ்சின தேவர் என்கின்றன. அவன் போய்ச் சேர்ந்து ஆயிரம் வருஷம் தாண்டியாச்சு. நான் இன்னமும் இந்தத் தண்ணியில சம்பா நடுறேன்.

ஒரு விவசாயியா எனக்குத் தோணுற கணக்கு ஒண்ணு இருக்கு. ஒரு குதிரை ஒரு நாளைக்கு முப்பது லிட்டருக்குக் குறையாம குடிக்கும். ஆயிரம் குதிரைன்னா முப்பதாயிரம் லிட்டர். யானை, மாடு, ஆட்கள் வேற. அதனால அந்தக் காலத்துப் படை எங்க தங்கும்னு கேட்டா, தண்ணி இருக்கிற இடத்துலதான். குதிரையும் நம்ம ஊர்ல சுலபமா வளர்ற பிராணி இல்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து விலை கொடுத்து வாங்கின குதிரைகள் பராமரிக்கத் தெரியாததால சீக்கிரமே செத்துப் போகுதுன்னு எழுதி வெச்சிருக்கார்.

குதிரைப்படை போயிடுச்சு, மாட்டு வண்டி நின்னுச்சு. நான் சின்னப் பையனா இருந்தப்போ ஜெயங்கொண்டம் பக்கத்து சொந்தக்காரங்க ஆடிப் பெருக்குக்குக் கூண்டு வண்டி கட்டிக்கிட்டு ராத்திரியே புறப்பட்டு விடியக்காலம் வந்து சேருவாங்க. வண்டியை அவிழ்த்து, நுகத்தடியைக் கீழே இறக்கி, சக்கரத்துக்குக் கட்டை வெச்சுட்டா அதுதான் ரெண்டு நாளைக்கு வீடு. கூண்டுக்குள்ள வைக்கோல் பரப்பி அதுமேல ஜமக்காளம், பிள்ளைங்க அங்க தூங்கும். பெண்கள் காதோலை கருகமணி விட்டுக் கும்பிடுவாங்க. புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர்சாதம் கைக்குக் கை மாறும். நாங்க சப்பரம் இழுத்துக்கிட்டு ஓடுவோம்.

அதுக்கெல்லாம் எங்க ஆயாதான் அதிகாரி. கரைச்சரிவுல வண்டியை இறக்கக் கூடாது, சக்கரம் மண்ணை அறுக்கும். மாடு குளிப்பாட்ட ஒரு துறை, குடிதண்ணி மொள்ள வேற துறை. அடுப்பு கரைக்கு வெளிப்பக்கம் மட்டும். காலைக்கடனுக்கு ஏரிக்கு முதுகு காட்டிக்கிட்டு, கூப்பிடு தூரம் தாண்டிப் போகணும். மீறினா சொந்தக்காரங்கன்னுகூடப் பார்க்காது.

இது ஆயாவோட கண்டிப்பு மட்டுமில்லை. உத்திரமேரூர்ல குடவோலை முறை பற்றிய கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவையும் இதே பராந்தகன் காலத்தவை. அதுல ஊர்ச்சபை தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஏரி வாரியமும் ஒண்ணு. ஏரியை வெட்டுறது ராஜா வேலையா இருக்கலாம். வருஷா வருஷம் காப்பாத்துறது ஊர் வேலை.

இப்ப வேன் கதைக்கு வர்றேன். அவங்க போன மறுநாள் மடை திறக்கப் போனேன். வாய்க்கால்ல நாத்தம். வண்டியோட கழிவுத் தொட்டியை அங்க திறந்து விட்டிருக்காங்க. வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்க, எங்க கொட்டுறதுன்னு தெரிஞ்சிருக்காது. எனக்கும் கேட்கத் தோணலை. நல்லவேளை, அந்த வாய்க்கால் என் வயலுக்குப் போறது, ஏரிக்குத் திரும்பாது. மதகுக்கு அந்தப் பக்கம் திறந்திருந்தா?

அந்தப் பக்கத்துத் தண்ணி 2004லிருந்து குழாய் வழியா சென்னைக்குப் போகுது. 200 கிலோமீட்டருக்கு மேல பயணம் பண்ணி உங்க வீட்டுக் குழாயில வருது. கரையில நாம கொட்டுறதை அந்தக் குழந்தைங்களே வீட்டுக்குப் போய்க் குடிக்க வேண்டி வரும்.

அண்ணன் மகன் அமெரிக்க வீடியோ காட்டினான். அங்க ஏரிப் பூங்காக்கள்ல வேன் கழிவைக் கொட்டத் தனி இடம் கட்டி வெச்சிருக்காங்க. குதிரையோட வர்றவங்களுக்குத் தனிப் பட்டி, சாணம் அள்ளிப் போட ஓர் இடம். பல காடுகள்ல தண்ணியிலிருந்து 200 அடி தள்ளித்தான் கூடாரம் போடலாம், குதிரை கட்டலாம். "பார்த்தியா, ஆயா சொன்னது"ன்னேன். அவனுக்கு ஆயாவைத் தெரியாது. அவன் பிறக்கும் முன்னாடியே போயிடுச்சு.

மேட்டைக் கொடுக்கலை. ஊருக்கு உள்ளே, கரையிலிருந்து நல்லா தள்ளி எங்க பழைய களம் சும்மா கிடக்கு. அங்க ஒரு கழிவுத் தொட்டி கட்டச் சொல்லியிருக்கேன். கட்டி முடிச்சா ரெண்டு வேன் நிக்கலாம். ஏரிக்கு நடந்து போகட்டும், பதினஞ்சு நிமிஷம்தான். குதிரை வேண்டாம்னுட்டேன். கோவிச்சுக்கிட்டான்.

நீங்க வந்தா முதல்ல என்னைக் கேளுங்க. எந்தத் துறையில இறங்கலாம், எதுல கூடாதுன்னு காட்டுறேன்.