வலிக்கு 'கரன்ட்' மெஷின்... ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு நிஜமாவே உதவுமா?

மாசக்கணக்கா உடம்பு முழுக்க வலி. தூங்கி எழுந்தாலும் அசதி. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் நார்மல். வீட்டுல, 'சும்மா சொல்றா'னு ஒரு பேச்சு. ஃபைப்ரோமயால்ஜியா இருக்கிறவங்களுக்கு இது பழகிப்போன கதை. வலி சிக்னல்களை நரம்பு மண்டலம் தேவைக்கு மேல் பெரிதாக்குவதுதான் பிரச்னை என்கிறார்கள் மருத்துவர்கள். ஸ்கேனில் அது தெரியாது.

உங்க ஃபீடிலும் 'மாத்திரை வேண்டாம், மெஷின் போதும்'னு விளம்பரங்கள் வந்திருக்கும். அந்த வகையில் ரொம்ப நாளா இருப்பது டென்ஸ். பிசியோதெரபியில் 'கரன்ட் வைக்கிறது'னு சொல்வோமே, அதேதான். தோலில் பேட் ஒட்டி லேசான மின்சாரம் அனுப்புவாங்க.

சரி, வேலை செய்யுமா? இங்கேதான் சிக்கல். 'இது உதவும்' என்ற நம்பிக்கையே வலியைக் கொஞ்சம் குறைக்கும். அது நடிப்பு இல்ல, நிஜமாவே குறையும். அதனால், போலி மாத்திரை கொடுத்துச் சோதிப்பது மாதிரி போலி மெஷினும் வேணும். ஆனா, கரன்ட் சுர்ருனு தெரியுமே... எப்படி ஏமாத்துறது?

அமெரிக்காவின் அயோவா, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகங்களில் நடந்து, 2020-ல் வெளியான ஆய்வில் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 301 பெண்கள், மூணு குழு. ஒரு குழுவுக்கு நிஜ டென்ஸ். அடுத்த குழுவின் மெஷினில் 45 விநாடி மட்டும் கரன்ட் வந்து அடங்கிடும். மூணாவது குழுவுக்கு எதுவும் இல்லை. தினமும் 2 மணி நேரம், நடமாடும்போது கட்டிக்கணும். வழக்கமான மருந்துகளும் தொடர்ந்தன.

4 வாரம் கழித்து, 'முன்னைக்கு இப்போ பரவாயில்லை' என்றவர்கள் நிஜ மெஷின் குழுவில் 70 சதவிகிதம். எதுவும் இல்லாத குழுவில் 9. போலி மெஷின் குழுவில் 31!

அந்த 31-ஐ மறக்காதீங்க. கரன்ட்டே வராத மெஷினுக்கும் நூத்துக்கு 31 பேர் ஃபைவ் ஸ்டார் கொடுப்பாங்கன்னுதானே அர்த்தம்? அப்போ ரிவ்யூவை மட்டும் நம்பி எப்படி வாங்குறது? 'போலி மெஷினோடு ஒப்பிட்டுச் சோதிச்சாங்களா, எத்தனை பேர்கிட்ட, எத்தனை வாரம்?'னு கேளுங்க. டென்ஸுக்கே மேலே சொன்ன முடிவு 4 வாரத்துக்கானதுதான். நோயைக் குணப்படுத்தியதா யாரும் சொல்லலை; நடமாடும்போது வர்ற வலி குறைஞ்சது, அவ்வளவுதான். படியேறவே யோசிக்கிறவங்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

வாங்கும் முன் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை பேட் ஒட்டிப் பாருங்க. பேஸ்மேக்கர் இருந்தாலோ, கர்ப்பமா இருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் தொடாதீங்க. கழுத்தின் முன்பக்கம், புண் இருக்கும் இடங்களில் பேட் ஒட்டவே கூடாது.