எஸ்.எக்ஸ். வாங்கிய கதை

"சார், நம்ம மலருக்கு பிராசஸர் பத்தி ஒரு கட்டுரை வேணும். ஜூனியர் பசங்க எல்லாரும் ஐ-5 வாங்கறதா, ஐ-7 வாங்கறதான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்று மலர்க்குழுவிலிருந்து போன் வந்தது. நானோ சிவில் படித்தவன். இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யோசித்தேன். ஒரு தடவை தப்பானதை வாங்கியவன். அந்தத் தகுதி போதும்!

1993. படிப்பு முடிந்து நாலு வருஷம். வீட்டு முன்னறையில் மேஜை போட்டு, கட்டட பிளான் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆட்டோகேட் கற்றுக்கொண்ட தைரியத்தில் அம்மாவின் நாலு வளையலை அடகு வைத்து கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பினேன். கடைக்காரர், "486லேயே ரெண்டு இருக்கு சார். டி.எக்ஸ்., எஸ்.எக்ஸ். ரெண்டும் ஒண்ணுதான். எஸ்.எக்ஸ். எடுத்தா பணம் மிச்சம்" என்றார். எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஆட்டோகேட் 12ஐப் போட்டால், ஓடவே மாட்டேன் என்கிறது. கணித கோபிராசஸர் இல்லையாம்!

ஏன் இல்லை என்று தேடப்போனதில்தான் இந்த வரலாறு எனக்குத் தெரிந்தது. ஒரே சரக்கை இரண்டு தரமாக விற்பது பழைய வழக்கம். இன்டெல் 1978இல் 8086ஐக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே 8088. உள்ளே அதே 16 பிட். வெளியே பேசுவது மட்டும் 8 பிட். அதனால் சுற்றியுள்ள சில்லுகள் மலிவாகக் கிடைத்தன. 1981இல் ஐ.பி.எம். தன் பி.சி.க்கு எடுத்துக்கொண்டதும் இந்த மலிவுத் தம்பியைத்தான். 1985இல் வந்த 386க்கும் 1988இல் ஒரு எஸ்.எக்ஸ். தம்பி பிறந்தான்: உள்ளே 32, வெளியே 16.

486 விஷயம் வேறு. அதுவரை தசமக் கணக்குகளை வேகமாகப் போட 387 என்று தனிச் சில்லு வாங்கிச் செருக வேண்டும். 1989இல் வந்த 486இல் அதை உள்ளேயே வைத்துவிட்டார்கள். 1991இல் விலையைக் குறைக்க எஸ்.எக்ஸ். வந்தது. எப்படிக் குறைத்தார்கள்? முதலில் வந்தவற்றில் கணிதப் பகுதி உள்ளேயே இருந்தது; வேலை செய்யாதபடி முடக்கி வைத்திருந்தார்கள்!

பிறகு கணிதப் பகுதி வேண்டுமென்பவர்களுக்காக 487எஸ்.எக்ஸ். என்று ஒன்றை விற்றார்கள். பேருக்குத்தான் துணைச் சில்லு. உண்மையில் அது முழு டி.எக்ஸ். செருகியவுடன் பழைய எஸ்.எக்ஸை ஓரமாக உட்காரவைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே பார்க்கும். மாப்பிள்ளைத் தோழனாக வந்தவன் தாலி கட்டின கதைதான்.

அதன் விலையை விசாரித்தேன். இன்னும் கொஞ்சம் போட்டால் வேறு மெஷினே வாங்கிவிடலாம் போலிருந்தது. கடைசியில் என் ஹாஸ்டல் ரூம்மேட்தான் காப்பாற்றினான். ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருந்தவன். "டேய், எனக்கு லெட்டர் அடிக்கணும், லெட்ஜர் போடணும், அவ்வளவுதான். குடு இங்க" என்று வாங்கிக்கொண்டான். நான் நஷ்டத்தோடு டி.எக்ஸ். வாங்கினேன். வளையலை மீட்க இரண்டு வருஷம் ஆனது. அவனோ அதே எஸ்.எக்ஸை 1999 வரை ஒரு குறையும் சொல்லாமல் ஓட்டினான்!

1998 ஏப்ரலில் செலரான் வந்தபோது நான் உஷாராகிவிட்டேன். முதல் செலரானில் இரண்டாம்நிலை கேஷ் நினைவகமே கிடையாது, மந்தம். ஆனால் ஆகஸ்டில் வந்த 300ஏ-வில் 128 கே.பி. கேஷ் இருந்தது, அதுவும் பிராசஸரின் முழு வேகத்தில். பென்டியம்-2இல் 512 கே.பி. இருந்தாலும் பாதி வேகம்தான். ஆபீசுக்கு இரண்டு 300ஏ வாங்கினேன். நன்றாகவே உழைத்தன. பேர் என்னவோ ஒரே செலரான்தான்!

ஜூனியர்களே, உங்கள் ஐ-7 (2008), ஐ-5 (2009), ஐ-3 (2010) எல்லாம் இதே வம்சம்தான். 2017இல் ஏ.எம்.டி.யும் ரைசன் 7, 5, 3 என்று அதே எண்களை வைத்துக்கொண்டது. 2016இல் லேப்டாப்புக்கு வந்த ஐ-7 7500யு-வில் இரண்டே கோர். அதே தலைமுறையில், டெஸ்க்டாப்புக்கு வந்த ஐ-5 7400-இல் நாலு! ஆகவே கடையில் எண்ணின் கடைசி எழுத்தையும் கோர் கணக்கையும் கேளுங்கள். ப்ரோகிராம் எழுதவும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கவும் நடுத்தரமே தாராளம்; மிச்சப் பணத்தில் ராம் போடுங்கள். வீடியோ எடிட்டிங், பெரிய கட்டட அனாலிசிஸ் என்றால் மட்டும் மேலே போங்கள். எந்த சாப்ட்வேர் ஓடணும், அது என்ன கேட்கிறது என்று அந்தக் கம்பெனி சொல்வதை முதலில் படியுங்கள். நான் அதைத்தான் படிக்காமல் போனேன்.

அந்த எஸ்.எக்ஸ். சில்லு இன்னும் ரூம்மேட்டின் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. சந்திப்புக்கு வரும்போது எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டுப் பந்தியில் எங்களைத் தேடுங்கள்.