திறக்காமல் பார்க்கும் மட்டம்

சமையல் காஸ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று அறிய, வீட்டில் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்துப் பார்ப்பார்கள். மேல்பாகம் சீக்கிரம் காய்ந்துவிடும். உள்ளே திரவம் இருக்கும் உயரம் வரை ஈரம் நிற்கும். மூடியைத் திறக்காமலே மட்டம் தெரிந்துவிடுகிறது.

இதே கவலை மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்திலும் உண்டு. 1971இல் அங்கே தொடங்கிய அணு உலை ஆராய்ச்சி மையம், 1985 டிசம்பரில் இந்திரா காந்தி பெயரைப் பெற்றது. அதே ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி, பிரான்சின் ராப்சோடி உலையைத் தழுவி அமைத்த சோதனை ஈனுலை முதன்முதலாக இயங்கத் தொடங்கியது. அதைக் குளிர்விப்பது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம்.

சுமார் 98 டிகிரியில் உருகும் இந்த உலோகம் பாதரசம்போல் பளபளக்கும். ஊடுருவிப் பார்க்க முடியாது. சூடாக இருக்கும்போது காற்றுப் பட்டால் எரியும். தண்ணீர் பட்டால் வெடிக்கும். ஆகவே கண்ணாடிக் குழாய் வைத்துப் பார்க்க வழியில்லை. ஆனால் மட்டம் தெரியாமலும் இருக்க முடியாது. அது இறங்கினால் எரிபொருளின் சூட்டைச் சுமந்து செல்ல ஆள் இல்லை.

சோடியம் நன்றாக மின்சாரம் கடத்தும் என்பதே கைகொடுத்தது. அடிப்பக்கம் மூடிய எஃகுக் குழாய் ஒன்றைத் தொட்டிக்குள் நிரந்தரமாக இறக்கி, அதற்குள் இரண்டு கம்பிச் சுருள்களை வைக்கிறார்கள். ஒன்றில் மாறுமின்னோட்டம் செலுத்தினால் மற்றதில் மின்னழுத்தம் தோன்றும். வெளியே சோடியம் ஏற ஏற, அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அந்த மின்னழுத்தம் குறையும். அந்தக் குறைவே மட்டத்தின் கணக்கு. சுருள் பழுதானால் உருவி மாற்றலாம். சோடியத்தைத் தொடவே வேண்டாம்.

அளக்கப் போய் ஆபத்தான கதையும் உண்டு. 1995 டிசம்பர் 8 அன்று ஜப்பானின் மோன்ஜு உலையில், வெப்பமானியைத் தாங்கக் குழாய்க்குள் நீட்டியிருந்த உறை, சோடிய ஓட்டத்தில் அதிர்ந்து ஒடிந்தது. நூற்றுக்கணக்கான கிலோ சோடியம் கசிந்து எரிந்தது. 2010 வரை அந்த உலை ஓடவில்லை. 2016இல் ஒரேயடியாக மூட முடிவெடுத்தார்கள்.

கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலையில் 2024 மார்ச்சில் எரிபொருள் நிரப்பும் வேலை தொடங்கியதாகச் செய்தி வந்தபோது, எல்லோரும் மெகாவாட்டைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அந்தச் சுருள்கள்தாம் நினைவுக்கு வந்தன.