காணாமற்போன கடைத்தெருக்கள்

எதிரணித் தம்பி அழகாகப் பேசினார். "பழைய தொழில் போனா என்னங்க? சுற்றுலா வந்துருச்சே! சித்தன்னவாசல்ல பூங்கா இருக்கு, படகு ஓடுது" என்றார். ஓடட்டுமே, நான் வேண்டாங்கலை. ஆனா கார்ல வர்றவர் ஓவியத்தைப் பார்க்கிறார், வெளியில நின்னு போட்டோ எடுத்துக்கிறார், திருச்சிக்குத் திரும்பிப் போய்ச் சாப்பிடுறார். எங்க ஊர்ல என்ன தங்கிச்சுன்னு கேட்டா, டீக்கடைக்காரர்தான் பதில் சொல்லணும்! (சிரிப்பு)

புதுக்கோட்டைச் சீமை என்ன, வெறும் பாறைக்காடா? கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போற வழியில, கொடும்பாளூர்க் குளக்கரைப் பக்கம் பாதை மூணாப் பிரியுதுன்னு இளங்கோவடிகள் சொல்றார். மூணு பாதை பிரியற இடத்துல கடை இல்லாம இருக்குமா? அந்தக் கொடும்பாளூர்லதான் பின்னாடி மணிக்கிராமம் என்கிற வணிகக் குழு இருந்துச்சு. தாய்லாந்துல, தகுவாபாவில் கிடைச்ச 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் காவல்ல விட்டதாச் சொல்லுது. எவ்வளவு நம்பிக்கை பாருங்க! இன்னைக்குக் கொடும்பாளூர் போறவங்க மூவர் கோயிலைப் பார்க்கிறாங்க; மூணுல ரெண்டு நிக்குது. வணிகனோட கடைத்தெரு எங்கன்னு யாரும் கேக்கறதில்லை.

சரி, அது ஆயிரம் வருஷக் கதை. உப்புக்கு வாங்க. எங்க சமஸ்தானத்துல உவர் மண்ணைக் கரைச்சு, வடிச்சு உப்பு எடுத்த குடும்பங்கள் இருந்தன. வெள்ளைக்காரன் தன் உப்பு வரிக்கு இது இடைஞ்சல்னு 1880-களில் நிறுத்தச் சொன்னான். அதுக்கு ஈடா வருஷத்துக்கு 38,000 ரூபாய் சமஸ்தானத்துக்குக் கொடுத்தான். மண் சுமந்தவன் கைக்கா அந்தப் பணம் போச்சு? தம்பி சொல்ற 'வளர்ச்சி'க்கு அன்னைக்கே கணக்கு இப்படித்தான் எழுதியிருக்காங்க.

அம்மன் காசும் அப்படித்தான். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. இருபது காசு ஓர் அணா. 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் அது செல்லாக்காசு ஆச்சு. இப்போ பழம்பொருள் சேர்க்கிறவங்க தேடித்தேடி வாங்குறாங்க. செல்லாத பிறகுதான் விலை ஏறுது!

இதையெல்லாம் நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். கண்ணால பார்த்தது ஒண்ணு இருக்கு. எண்பது, தொண்ணூறுகள்ல எங்க பக்கத்துக் கிராமங்கள்ல வீட்டுக்கு வீடு செயற்கை வைரம் பட்டை தீட்டினாங்க. குச்சி முனையில அரக்கு வச்சு, அதுல கடுகுபோலக் கல்லை ஒட்டி, சுத்துற சக்கரத்துல வச்சு அழுத்தணும். ஒரு கல்லுக்கு 57 பட்டை. எங்க சித்தி அஞ்சாம் வகுப்புத்தான் படிச்சவங்க. அளவுகோல் கிடையாது, விரல்தான் கணக்கு. "ஒரு பட்டை கோணினா கல்லு செத்துரும்ப்பா" என்பாங்க. கூலி கல்லுக்கு இவ்வளவுன்னுதான். சாயங்காலம் கண் எரிச்சல், விரல் நுனி தேய்ஞ்சிருக்கும். அதைச் சொர்க்கம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் காசுலதான் சித்தி மக கல்லூரிக்குப் போச்சு. பொம்பளைங்க சொந்தமாச் சம்பாதிச்ச தெரு அது.

அப்புறம் சீனாவிலிருந்து இயந்திரத்துல தீட்டின கல் வந்துச்சு, மலிவா. பட்டறை ஒண்ணொண்ணா நின்னுச்சு. ஆம்பளைங்க திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனாங்க. சித்தி போகலை, அவங்க விரலுக்கு வேற வேலை தெரியாது.

தம்பி, சுற்றுலாவை நிறுத்தச் சொல்லலை. சித்தன்னவாசலுக்கு வர்றவங்க நாலு பேர், அதே மாவட்டத்துல 57 பட்டை தீட்டின கையையும் பார்த்துட்டுப் போக ஒரு கூரை போடுங்கன்னுதான் கேக்குறேன். திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துல அம்மன் காசு இருக்கு. சித்தியோட சக்கரம் எங்க வீட்டுப் பரண்ல கிடக்கு. கேட்டா நாளைக்கே கொண்டுபோய்க் கொடுக்கத் தயார்.