ஊரக பிராட்பேண்ட்: திருநெல்வேலி மாவட்டம்

ஊரக பிராட்பேண்ட் என்பது சிற்றூர் மக்களுக்கு எந்நேரமும் அறுபடாமல் கிடைக்கும் அதிவேக இணைய இணைப்பு. தொலைபேசியின் செம்புக்கம்பி, செல்பேசி அலை, கண்ணாடியிழை வடம், செயற்கைக்கோள் ஆகிய நான்கு வழிகளில் இது வந்து சேர்கிறது. திருநெல்வேலி மாவட்டத்தில் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் நிறைந்த பாளையங்கோட்டைக்கும், தாமிரபரணிப் பாசனப் பகுதி, மானூர் மானாவாரி நிலம், பொதிகை மலையடிவாரம், இராதாபுரம் கடற்கரை ஆகியவற்றின் ஊர்களுக்கும் இடையே இணைய வேகத்தில் பெரிய இடைவெளி உள்ளது. நகரில் கண்ணாடியிழை வீடு வரை வந்துவிட்டது. பல சிற்றூர்களில் செல்பேசி அலையே இன்னும் முதன்மையான வழியாக இருக்கிறது.

வேகத்தின் அளவு

எந்த வேகத்துக்கு மேல் பிராட்பேண்ட் என்பதை இந்திய அரசு எண்ணால் வரையறுத்துள்ளது. 2004ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கை வினாடிக்கு 256 கிலோபிட் என்று வைத்தது. 2013இல் அது 512 கிலோபிட் ஆனது. 2023 ஜனவரியில் 2 மெகாபிட்டாக உயர்ந்தது. 100 மெகாபைட் கொண்ட ஒரு பாடக் காணொலியைத் தரவிறக்க முதல் அளவில் ஏறத்தாழ 52 நிமிடம் ஆகும். 2 மெகாபிட்டில் 7 நிமிடத்துக்குள்ளும், 100 மெகாபிட்டில் 8 வினாடியிலும் அது முடிந்துவிடும்.

தரவிறக்க வேகம் மட்டும் போதாது. ஏற்றும் வேகமும், இணைப்பு விட்டுவிட்டு வராமல் இருப்பதும் அதே அளவு முக்கியம். செவித்திறன் குறைந்த இருவர் காணொலி அழைப்பில் சைகை மொழியில் பேசும்போது இருபுறமும் படம் சீராக ஓட வேண்டும். படம் ஒரு நொடி உறைந்தாலும் பேச்சு அறுந்துவிடும்.

செம்புக்கம்பிக் காலம்

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. அது டயல்-அப் முறை. இணையம் ஓடும் நேரத்தில் அந்தத் தொலைபேசியில் பேச முடியாது. 1980களில் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் உருவாக்கிய சிறு தொலைபேசி நிலையங்கள் கிராமங்களுக்குத் தொலைபேசியைக் கொண்டு சேர்த்திருந்தன. 2005இல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியபோது, தொலைபேசிக்காகப் போட்ட செம்புக்கம்பிகளே இணையத்தையும் சுமந்தன.

செம்புக்கம்பியில் தொலைவு கூடக் கூட அலை வலுவிழக்கும். தொலைபேசி நிலையத்திலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு இணைப்பு கிடைப்பதே கடினம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்பி இணைப்புகளுக்குள் நீர் இறங்கினால் இரைச்சல் கூடி வேகம் குறையும். கோடை இடிமழையில் மின்னல் தாக்கி மோடம் கருகுவதும் உண்டு. நிலையத்துக்கு அருகில் இருந்த கடைத்தெருவுக்கு நன்றாகக் கிடைத்த சேவை, வயலுக்கு நடுவே இருந்த வீட்டுக்குப் போய்ச் சேராததற்கு இதுவே காரணம்.

கம்பியில்லாமல் கிராமத்தை எட்டும் முன்னோடி முயற்சி மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு 2001 முதல் சாரி என்னும் திட்டத்தில் கிராம இணைய மையங்கள் திறக்கப்பட்டன. அதன் வேகம் 35 முதல் 70 கிலோபிட்தான். அந்த வேகத்திலேயே நோயாளியின் கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெற முடிந்தது. ஆயினும் போதிய வருமானமும் தொழில்நுட்ப உதவியும் தொடர்ந்து கிடைக்காததால் சில ஆண்டுகளில் அம்மையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன.

செல்பேசி இணையம்

2016 செப்டம்பரில் ஜியோ 4ஜி சேவை வந்தபின் தரவுக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. கிராமங்களிலும் இணையம் கைக்குள் வந்தது. 2024 மார்ச் இறுதியில் இந்தியாவின் 95.44 கோடி இணையச் சந்தாக்களில் 39.83 கோடி ஊரகப் பகுதிகளைச் சேர்ந்தவை. மக்களில் பெரும்பான்மையோர் கிராமங்களில் வாழும் நாட்டில் சந்தாக்களில் பாதிகூட அங்கு இல்லை.

கோபுரம் இருந்தாலே வேகம் கிடைத்துவிடாது. ஒரு கோபுரத்தின் அலைத்திறனை அதன் எல்லைக்குள் இருக்கும் அனைவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஊர் முழுவதும் வேலை முடித்து வீடு திரும்பும் மாலையில் வேகம் விழுவது இதனால்தான். கோபுரத்துக்குப் பின்னால் கண்ணாடியிழை இல்லாமல் நுண்ணலை இணைப்பு மட்டும் இருந்தால் நெரிசல் இன்னும் கூடும். ஆகவே செல்பேசி இணையம் வேகம் பெறுவதற்கும் கண்ணாடியிழை ஊருக்கு வந்தாக வேண்டும்.

பாரத்நெட்

நாட்டின் ஏறத்தாழ 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளைக் கண்ணாடியிழையால் இணைக்கும் தேசியத் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இது 2015இல் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. முதற்கட்டமாக ஒரு லட்சம் ஊராட்சிகளை இணைக்கும் பணி 2017 டிசம்பரில் நிறைவுற்றது. 2025 ஜனவரி நிலவரப்படி 2.14 லட்சம் ஊராட்சிகள் இணைக்கப்பட்டிருந்தன. 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட திட்டத்துக்கு ரூ.1.39 லட்சம் கோடி ஒதுக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இரண்டாம் கட்டத்தை மாநில அரசே செயல்படுத்துகிறது. அதற்காகத் தமிழ்நாடு கண்ணாடியிழை வலையமைப்பு நிறுவனமான டான்ஃபினெட் 2018இல் தொடங்கப்பட்டது. 12,525 ஊராட்சிகளுக்கும் குறைந்தது 1 கிகாபிட் திறன் கொடுப்பது இதன் இலக்கு. பணி நான்கு தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி உள்ளிட்ட தென்மாவட்டங்கள் நான்காம் தொகுப்பில் உள்ளன. ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகள் மீது எழுந்த புகார்களால் 2020 ஜூனில் அந்த ஒப்பந்தப்புள்ளி ரத்தானது. மறு ஒப்பந்தப்புள்ளி கோரிப் பணி தொடங்குவதற்குள் காலம் கடந்துவிட்டது.

வடம் வரும் வழி

ஊராட்சி ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து புறப்படும் வடம் பெரும்பாலும் மின்கம்பங்களின் மேலும், சில இடங்களில் மண்ணுக்கடியிலும் ஊராட்சி அலுவலகத்தை அடைகிறது. கம்பத்தின் மேல் வடம் இழுப்பது செலவு குறைவு, விரைவும் கூட. ஆனால் காற்றில் சாயும் கம்பமும் முறிந்து விழும் கிளையும் வடத்தை அறுக்கும். மண்ணுக்கடியில் போடும் வடத்துக்குச் சாலை விரிவாக்கமும் குடிநீர்க் குழாய்ப் பள்ளமும் பகை. அறுந்த வடத்தை ஒட்டுவது கைத்திறன் வேண்டும் வேலை: தலைமுடி அளவு மெல்லிய இழையின் மேலுறையைச் சீவி, முனையைச் செங்குத்தாக வெட்டித் துடைத்து, இரு முனைகளையும் நேராக வைத்து மின்பொறியால் உருக்கி ஒன்றாக்க வேண்டும். அதற்கான கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் பக்கத்தில் இல்லையென்றால் ஊர் நாள்கணக்கில் காத்திருக்கும்.

வீடுகளுக்குப் பொதுவாக வழங்கப்படும் ஜிபான் என்னும் கண்ணாடியிழை முறையில் ஒரே இழை 20 கிலோமீட்டர் வரை வினாடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட்டைச் சுமக்கும். அதை 32 வீடுகளுக்கோ அதற்கு மேலுமோ பிரித்துக் கொடுக்கலாம். பல ஊர்களில் இந்தக் கடைசித் துண்டைப் போடுபவர் உள்ளூர் கேபிள் டி.வி. நடத்துநரே. பி.எஸ்.என்.எல். நிறுவனமும் அவர்களைப் பங்காளிகளாகக் கொண்டே வீட்டு இணைப்பு கொடுக்கிறது.

மலையும் காடும்

மேற்கே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மலைச் சரிவுகள் அலையை மறைக்கின்றன. காட்டுக்குள் கோபுரமோ வடமோ அமைக்க வனத்துறை அனுமதி வேண்டும். காரையாறு, சேர்வலாறு பகுதிகளின் காணிப் பழங்குடிக் குடியிருப்புகளில் வீடுகள் குறைவு. தனியார் நிறுவனங்களுக்கு அங்கே இலாபமில்லை. இத்தகைய இடங்களுக்காகவே நாடெங்கும் 4ஜி எட்டாத 24,680 ஊர்களுக்கு ரூ.26,316 கோடியில் சேவை வழங்கும் திட்டத்துக்கு 2022 ஜூலையில் ஒப்புதல் தரப்பட்டது, பணி பி.எஸ்.என்.எல்.லிடம் ஒப்படைக்கப்பட்டது.

செயற்கைக்கோள் இன்னொரு வழி. 2018 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-29 எட்டாத் தொலைவிலுள்ள பகுதிகளின் தகவல் தொடர்புக்கானது.

அன்றாட வாழ்வில்

மெதுவான இணையத்தின் சுமை ஏழைகள் மீதே அதிகம் விழுகிறது. நூறுநாள் வேலைத் தளங்களில் 2023 ஜனவரி 1 முதல் செயலி வழியாக வருகைப் பதிவு கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் ஒரு நாளில் இருமுறை வேலையாட்களைப் படமெடுத்துப் பதிவேற்ற வேண்டும். டவர் கிடைக்காத கண்மாய்க் கரையில் படம் ஏறாமல் நின்றால் வருகையும் கூலியும் சிக்கலாகும். ரேஷன் கடையில் விரல்ரேகை ஒத்துப்போவதற்கும், முக்கூடல் வட்டாரத்துப் பீடித் தொழிலாளியின் வருங்கால வைப்புநிதி விண்ணப்பத்துக்கும், பட்டா நகல் எடுப்பதற்கும் இணையம் வேண்டும். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது அரசு கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடத்தியது. நல்ல இணைப்பு இருந்த பிள்ளைகளுக்கு மட்டுமே ஆசிரியரோடு நேரலையில் பேசிப் படிக்க முடிந்தது.

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது மின்சாரம் நின்று கோபுரங்கள் அணைந்தன. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பல ஊர்கள் செய்தித் தொடர்பின்றித் தவித்தன. கோபுரங்களுக்கு மாற்று மின்சாரமும், ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழி கொடுக்கும் வளைய வடமும் எவ்வளவு தேவை என்பதை அந்த வெள்ளம் காட்டியது.

எஞ்சியுள்ள பணி

கேரளம் 2023 ஜூனில் கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கி, அரசு அலுவலகங்களோடு ஏழைக் குடும்பங்களின் வீட்டிணைப்பையும் இலக்காக வைத்தது. இங்கிலாந்தின் லங்காஷயரில் 2011இல் தொடங்கிய பி4ஆர்என் என்னும் மக்கள் அமைப்பு, உழவர்கள் தங்கள் நிலத்தில் வடம் போக இலவசமாக வழிவிட்டதால் கிராம வீடுகளுக்கு 1 கிகாபிட் இணைப்பு கொடுத்தது. இரண்டிலும் கணக்கு வீட்டு வாசலில் முடிகிறது.

திருநெல்வேலியின் சிற்றூர்களுக்கும் அதே கணக்குதான் பொருந்தும். ஊராட்சி அலுவலகம் வரை வடம் வருவது பாதி வேலை. அங்கிருந்து வீட்டுக்கும் பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இணைப்பு போவதும், அறுந்தால் அன்றே ஒட்ட ஆள் இருப்பதும், கட்டணம் கூலித் தொழிலாளிக்குக் கட்டுப்படியாவதும் மீதிப் பாதி. இணைத்த ஊராட்சிகளின் எண்ணிக்கையோடு, இணைப்பு பெற்ற வீடுகளையும் சேவை நின்ற நாட்களையும் அரசு ஊர்வாரியாக வெளியிட வேண்டும்.